செல்லத்தாயின் வலது கண்ணும் டாக்டர் மனோரஞ்சிதமும்

போன புதன்கிழமை விருதுநகர் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தோணி. எங்கள் பழைய கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். "சிஸ்டர், நம்ம டாக்டரம்மா போயிட்டாக. பாளையங்கோட்டையில தம்பி வீட்டுல இருந்திருக்காக. காலையில காப்பி கொண்டு போயிருக்காங்க, எந்திரிக்கலயாம்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயம் பொறுக்கத் தொடங்கினேன். கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார். "என்னம்மா, எதுவும் சேதியா?" என்று அவர் கேட்ட பிறகுதான், ஒரே வெங்காயத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது.

டாக்டர் மனோரஞ்சிதத்தை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் டவுனை ஒட்டி இருந்த ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரியில் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை அவர் தலைமை மருத்துவராக இருந்தார். அந்தக் கட்டடம் இன்று இல்லை. நான் அங்கே நர்ஸாக இருந்தேன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கெல்லாம் கண்ணு நல்லா இருந்துச்சு, என்னைப் பார்த்துட்டுப் போயிட்டாங்க" என்பார்.

அவரைப் புனிதவதி ஆக்கி எழுதினால் அவரே சிரிப்பார். டீ ஆறிப்போனால் முகம் கடுகடுக்கும். பேனாவை யாராவது எடுத்தால் அன்று முழுக்கப் பேசமாட்டார். நாய் என்றால் பயம். ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருந்த கிழட்டு நாய்க்குப் பயந்து பின்வாசல் வழியாக வந்துபோன நாட்களை நான் அறிவேன். ஆபரேஷன் செய்யும்போது சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு முணுமுணுப்பார். சுருதி ஓரிடத்தில் நிற்காது. "டாக்டர், பேஷண்ட் மயக்கத்துல இல்ல, முழிச்சுத்தான் இருக்காரு" என்று அந்தோணி ஒருமுறை மெதுவாக நினைவூட்டினார். அவர் அசரவில்லை. "பாவம், கட்டிப் போட்ட மாதிரி கேட்டுத்தான் ஆகணும்" என்றார்.

நான் சொல்ல வந்தது செல்லத்தாயைப் பற்றி. பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். கணவர் இல்லை. தங்கை பாக்கியத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். இருவரும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போவார்கள். மழை பெய்தால் பருத்தி, கம்பு. பெய்யாத மாதங்களில் கரிதான். புகையிலும் கரித்தூளிலும் கழிந்த முகம்.

எண்பத்தைந்தாம் வருட வாக்கில் செல்லத்தாயின் இடது கண்ணில் புரை முற்றி எங்களிடம் வந்தார். டாக்டர்தான் ஆபரேஷன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். எந்தக் குறையும் இல்லாமல் முடிந்த ஆபரேஷன். மூன்றாம் நாள் காலை கட்டைப் பிரித்தபோது கண்ணுக்குள் சீழ் கட்டியிருந்தது. அன்றைக்கு இருந்த மருந்துகளை எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். கண் போய்விட்டது.

அன்று மாலை டாக்டர் செல்லத்தாயின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது நான் பண்ணுன ஆபரேஷன். கண்ணு போச்சு. இனி அதுல பார்வை வராது. எதனாலன்னு தேடிக்கிட்டு இருக்கேன், இன்னும் தெரியல." நிர்வாகத்தில் இருந்த ஒருவர், நோயாளியிடம் இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று பிறகு அவரைக் கண்டித்தார். ஆனால் செல்லத்தாய் அன்று கேட்டது வேறு. "எங்கூட அன்னிக்குப் பண்ணிக்கிட்டாளே, அடுத்த கட்டிலு பொம்பள, அவளுக்கு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"அப்பச் சரி" என்று செல்லத்தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி டாக்டரை விடவில்லை. ஒரே நாள், ஒரே கத்தி, ஒரே மருந்து. மற்றவர்கள் எல்லாருக்கும் கண் நன்றாக இருக்கிறது, இவருக்கு மட்டும் ஏன் போனது? சாப்பிடும்போதுகூட திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "ரோஸ்லின், அன்னிக்கு அந்தம்மாவுக்குக் கண்ணீர்ப்பையில சீழ் எதுவும் இல்லாமத்தானே இருந்துச்சு?" என்று கேட்பார். நான் ஆமாம் என்பேன். சில மாதம் கழித்து அதே கேள்வி வரும். நானும் அதே பதிலைச் சொல்வேன்.

மூன்று நான்கு வருடம் கழித்து ஒரு புரட்டாசி மாதம், புறநோயாளி வரிசையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. செல்லத்தாயின் வலது கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வெளிச்சம் எது, நிழல் எது என்பதைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. பாக்கியம் உள்ளே வரும்போதே சண்டைக்குத் தயாராக வந்தாள்.

"நான் மதுரைக்குப் போவோம்னுதான் சொன்னேன். இந்த அக்காதான் கேக்கல. ஒரு கண்ண வாங்கிட்டீக, இன்னொண்ணையும் உங்ககிட்டயே குடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

டாக்டர் செல்லத்தாயைப் பார்த்து, "மதுரைக்கு நானே எழுதித் தாரேன். பெரிய ஆஸ்பத்திரி, நல்ல டாக்டருங்க. போறீங்களா?" என்றார்.

"அங்க இருக்கவுகளுக்கு நான் யாரோ எவரோ" என்றார் செல்லத்தாய். "உங்களுக்கு அப்படியா? என் கண்ண நீங்க மறந்துருப்பீகளா?"

டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மோவாயைத் தாங்கியில் பொருத்தி, விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடிக் கருவியில் வெகுநேரம் பார்த்தார். புரை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இமை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓர் இமைமயிரை மெல்லப் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் தள்ளினார். "ரோஸ்லின், இங்க வந்து பாருங்க."

பார்த்தேன். மயிரின் வேரை ஒட்டி, சாமை உமியைச் சுற்றிவிட்டது போல ஒரு செதில் உறை. அதற்குள்ளிருந்து நீண்ட உடலும் குட்டைக் கால்களுமாக ஏதோ ஒன்று மெல்ல அசைந்தது. ஒன்று இல்லை, ஒரு கொத்தாகவே இருந்தன. இமைமயிரின் வேர்க்குழியில் வாழும் உண்ணி அது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு உடம்பு கூசியது.

மறுநாளைய ஆபரேஷன் பட்டியலில் செல்லத்தாயின் பெயர் இருந்தது. டாக்டர் அதை அடித்தார். அப்போது எங்களோடு இருந்த இளம் மருத்துவர் சேகருக்கு இது புரியவில்லை. கெட்ட எண்ணத்தில் அவர் கேட்கவில்லை, படித்ததை வைத்துத்தான் கேட்டார். "மேடம், இது வயசானா எல்லாருக்கும் இருக்குறதுதானே? புஸ்தகத்துலயே ஒண்ணும் பண்ணாதுன்னுதான் போட்டுருக்கு. கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டுப் பண்ணிடலாமே."

"நீங்க சொல்றது சரிதான். எல்லாருக்கும் இருக்கும். இம்புட்டு இருக்காது. இம்புட்டு இருந்தா இமை புண்ணாகும். அந்த அழுக்குல கிருமி தங்கும். கண்ணை நான் திறக்கையில அது உள்ள போகாதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எல்லாருக்கும் ரெண்டு கண்ணு இருக்கு சேகர். இந்தம்மாவுக்கு ஒண்ணுதான்."

வெளியே வந்து அக்கா தங்கை இருவரிடமும் விளக்கினார். இமை சுத்தமாகும் வரை ஆபரேஷன் கிடையாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூவைக் கலந்து, பஞ்சில் தொட்டு, கண்ணை மூடவைத்து இமைமயிரின் அடியில் காலையும் மாலையும் தேய்த்து எடுக்க வேண்டும். படுக்கப் போகும்போது அதே இடத்தில் களிம்பு தடவ வேண்டும். அந்த உண்ணிகள் இருட்டில்தான் குழியை விட்டு வெளியே வரும். களிம்பு இருந்தால் அவற்றால் நடமாட முடியாது. தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் கொதிக்கும் நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் கண்ணில் விடக் கூடாது.

பாக்கியம் கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "அப்ப எங்க அக்கா கண்ணுல பூச்சி வச்சிருக்குங்கிறீக" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செல்லத்தாய் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

வார்டில் அவரைத் தங்கவைக்க இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் அன்று அவர் தங்கியிருக்க மாட்டார். அவர்கள் போன பிறகு டாக்டர் என்னிடம் கேட்டார். "இதை அவங்க வீட்டுல பண்ணுவாங்களா?"

"பண்ண மாட்டாங்க டாக்டர்."

"நானும் அப்படித்தான் நெனைக்கேன். ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் பரளச்சி பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

இப்படித்தான் அந்தப் பயணங்கள் தொடங்கின. வேறு டாக்டர்கள் ஊர் ஊராகப் போய் முகாம் நடத்துவதுண்டு. ஆனால் தன் கையில் ஒருவர் கண் இழந்த ஊருக்கு, யாரும் கூப்பிடாமல், பஸ் ஏறிப் போவது வேறு விஷயம். முதல் ஞாயிறு நாங்கள் இறங்கி நடந்தபோது டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றது. "இவுகதான் அந்த டாக்டரு" என்று ஒருவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. டாக்டர் நேராகப் பார்த்து நடந்தார். ஒரு நாய் குரைத்தபோது மட்டும் என் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்.

வீட்டில் செல்லத்தாய் எங்களோடு பேச மறுத்தார். பாக்கியம்தான் விஷயத்தைச் சொன்னாள். கண்ணில் பூச்சி என்ற சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் பெண்கள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் பேரனை அவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "கழுவாம கெடந்தா பூச்சிதான் வைக்கும்னு என் காதுபடச் சொல்றாளுக. குளிக்காத கழுத மாதிரில்ல ஆக்கிட்டீக எங்க அக்காவ" என்று பாக்கியம் அழுதாள். செல்லத்தாய் உள்ளேயிருந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கண்ணு இல்லேன்னாக்கூட இருந்துருவேன். இது வேண்டாம் டாக்டரம்மா."

அன்று நாங்கள் எதுவும் செய்யாமல் திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு அவர் மடியில் போர்வை சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. ஆஸ்பத்திரி மைக்ரோஸ்கோப். மின்சாரம் தேவையில்லாத பழைய மாதிரி. அடியில் ஒரு சிறு கண்ணாடி இருக்கும், அதைத் திருப்பி வெயிலை உள்ளே அனுப்பிப் பார்க்கலாம். கண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார். இவர் மறுத்தார். பக்கத்தில் இருந்த பெரியவர், "தையல் மெசினா தாயி?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா, ஒரு கிழிசல் தைக்கப் போறேன்" என்றார் டாக்டர்.

செல்லத்தாய் வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மைக்ரோஸ்கோப்பை அதன்மேல் வைத்து, வெயிலுக்கு ஏற்பக் கண்ணாடியைத் திருப்பினார். அந்த வேலையைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியும் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். டாக்டர் என்னிடம் இடுக்கியைக் கொடுத்து, "என் கண்ணுல இருந்து ஒரு மயிரைப் பிடுங்குங்க" என்றார்.

பிடுங்கினேன். தகட்டில் வைத்துப் பார்த்தார். எதுவும் இல்லை. "இன்னொண்ணு" என்றார். அதிலும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கூட்டத்தில் ஒருத்தி, "அவுக சுத்தமா இருக்காக, எப்படி இருக்கும்?" என்றாள். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. தன் கண்ணில் உண்ணி இல்லை என்பதற்காக ஒருவர் அவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "மத்தக் கண்ணுல எடுங்க ரோஸ்லின். ஓரமாப் பார்த்து எடுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எடுத்தேன். குனிந்து பார்த்தவர் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார். "இருக்கு. வந்து பாருங்க எல்லாரும். இது டாக்டர் கண்ணுல இருக்கிற பூச்சி. தெனம் ரெண்டு வேளை குளிக்கிற டாக்டரு."

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரர் தன் இமையிலும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவருக்கும் இருந்தது. அதன்பிறகு ஆளாளுக்குக் கண்ணை நீட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் மயிரில் இரண்டு தென்பட்டபோது அவள் பேரனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனாள். பையன் நேரே செல்லத்தாயிடம் ஓடினான்.

"இது யாருகிட்டயும் இருக்கும்" என்று டாக்டர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். "உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம். இவங்களுக்குப் புகையில இமை புண்ணாகி, அதிகமாயிருச்சு. அம்புட்டுத்தான்." பிறகு பாக்கியத்தின் பக்கம் திரும்பி, "நீயும் வா. ஒரே பாய், ஒரே துண்டு. உனக்கும் பார்த்துரலாம்" என்றார். பாக்கியத்தின் இமைமயிரில் அக்காவுக்குக் குறையாத கூட்டம் இருந்தது. நிமிர்ந்தவள் டாக்டரைப் பார்த்தாள். "எனக்கும் சேத்து மருந்து குடுங்க" என்றாள். அவள் எங்களோடு சண்டையில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது என்று எழுதினால் பொய். முதலில் இமை நன்றாகத் தெளிந்து வந்தது. செதில் உதிர்ந்தது. சிவப்பு வடிந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிறு போனபோது மறுபடி இமை ஓரம் வீங்கி, மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்லத்தாயின் சேலையில் புகை வாசம். விசாரித்தால், தடவித் தடவியே கரிமூட்டத்துக்குப் போய், மண் போட்டு மூடுகிற வேலையைச் செய்திருக்கிறார். டாக்டர் கோபத்தில் கத்திவிட்டார். "வாரா வாரம் வேலை இல்லாமலா இங்க வாரேன்? தெரிஞ்சே புகைக்குள்ள போய் நிக்கிறீங்களே."

செல்லத்தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல சும்மா உக்காந்துருந்தா ரெண்டு கண்ணும் போன மாதிரி இருக்குத் தாயி" என்றார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஊருக்குள் வரவில்லை. கரிசல் சேறு காலைப் பிடித்து இழுத்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தோம். வழியில் டாக்டர், "நான் கத்தியிருக்கக் கூடாது" என்றார். சிறிது தூரம் போனதும், "ஆனா கத்தாமலும் இருக்க முடியல" என்றார். அடுத்த வாரம் போகும்போது ஒரு மூட்டை நிலக்கடலை வாங்கி எடுத்துக்கொண்டார். செல்லத்தாய் வீட்டிலேயே உட்கார்ந்து உரித்துக் கொடுக்க வேண்டும். கையால் தடவியே செய்யக்கூடிய வேலை, புகை கிடையாது. உரித்த கடலையை ஆஸ்பத்திரிச் சமையலறைக்குக் கொண்டுவருவோம். அந்த வருடம் எங்கள் ஆஸ்பத்திரியில் சட்னி, குழம்பு எல்லாவற்றிலும் கடலை இருந்தது. காரணம் யாருக்கும் சொல்லப்படவில்லை.

கார்த்திகை முடியும் சமயம் ஒரு ஞாயிறு டாக்டர் மேல் இமையில், கீழ் இமையில், ஓரத்தில் என்று மாற்றி மாற்றி மயிர் எடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் எதுவும் அசையவில்லை. அவர் நம்பவில்லை. அடுத்த ஞாயிறும் பார்த்தார். அதற்கடுத்த ஞாயிறும் பார்த்தார். பாக்கியமே பொறுமை இழந்து, "இனி எங்க அக்கா கண்ணுல மயிருன்னு ஒண்ணு மிஞ்சுமா, இல்ல எல்லாத்தையும் பிடுங்கிருவீகளா?" என்று கேட்டாள். டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். "பட்டியல்ல பேரைப் போடலாம்" என்றார்.

ஆபரேஷன் மார்கழியில் நடந்தது. அன்று தியேட்டருக்குள் பாட்டு இல்லை. அந்தோணி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கத்திரியும் இடுக்கியும் தட்டில் படும் சத்தம் மட்டும்தான். பழுத்த புரை முழுசாக வெளியே வந்தது. டாக்டர் தையல் போட்டு முடித்து, கட்டுக் கட்டி, கையுறையைக் கழற்றினார். அவர் கைகள் நனைந்து சுருங்கியிருந்தன.

முதல் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. இரண்டாம் நாளும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் காலை நான் டியூட்டிக்கு வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து வார்டுக்கு வெளியே, படிக்கட்டில் நின்றிருந்தார். உள்ளே போகவில்லை. "ரோஸ்லின், நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். இத்தனை வருடத்தில் தன் நோயாளியின் கட்டை வேறொருவரைப் பிரிக்கச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

போனேன். பாக்கியம் கட்டிலின் தலைமாட்டில் சுவரோடு ஒட்டி நின்றாள். அவளும் மூன்றாம் நாள் என்பதை மறக்கவில்லை. கட்டைப் பிரித்து, இமையை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. செல்லத்தாய், "வெளிச்சத்தக் கொஞ்சம் தள்ளிப் பிடி தாயி, கூசுது" என்றார்.

வெளியே வந்தேன். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். தூணைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய், "நல்லாருக்கு டாக்டர், நல்லாருக்கு, வெளிச்சம் கூசுதுங்கிறாங்க" என்று சொன்னேன். அவர் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "இதை மொதல்லயே சிரிச்சுக்கிட்டுச் சொல்றதுக்கென்ன" என்று என்னைத் திட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் காலத்தில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. தையல் ஆறிய பிறகு சோடா பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடி கொடுப்போம். தை மாதம் அதை மாட்டிவிட்ட நாளில் நான் இருந்தேன். செல்லத்தாய் முதலில் பாக்கியத்தைப் பார்த்தார். "ஏன்டி இப்படி எலும்பாப் போயிட்ட?" என்றார். அடுத்து டாக்டர் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்த அந்த ஒற்றைக் கண்ணால் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தலையெல்லாம் நரைச்சுப் போச்சே டாக்டரம்மா. முன்ன பாக்கையில கருகருன்னுல்ல இருந்துச்சு."

"உங்களாலதான்" என்றார் டாக்டர்.

செல்லத்தாய் கையை நீட்டி, அந்த நரையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷனுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இமை ஓரத்தைப் பார்ப்பது வழக்கமாயிற்று. சந்தேகம் இருந்தால் ஒரு மயிர் எடுப்போம். சேகர்தான் அதை மற்றவர்களைவிடக் கண்டிப்பாகச் செய்தார். தள்ளிப்போட்டால் நோயாளிகள் திட்டுவார்கள், டாக்டர் வாங்கிக்கொள்வார். "திட்டட்டும், கண்ணு திறந்து திட்டட்டும்" என்பார். செல்லத்தாய் அந்தக் கண்ணோடு பல வருடம் இருந்தார். பக்கத்து வீட்டுப் பேரன் வளர்ந்து அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, என் வீடு தேடிவந்து பத்திரிகை கொடுத்தது அவர்தான்.

ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். அவ்வப்போது போனில் பேசுவோம். சில வருடங்களுக்கு முன், வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "டாக்டர், அந்த இடது கண்ணு போனது அந்த உண்ணியாலதானா?"

"தெரியல ரோஸ்லின். அன்னிக்கு இமையை நான் அப்படி உத்துப் பார்க்கல. இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அதுதான் காரணம்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும், அதுக்காகச் சொல்ல முடியுமா?" பிறகு சிரித்தார். "நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா மருந்தை எழுதிக் குடுத்துட்டு வீட்டுல படுத்திருப்பேன். தெரியாததுனாலதான் அத்தனை ஞாயித்துக்கெழமை போக வேண்டியதாப் போச்சு."

உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய நினைவு ஏதாவது ஒன்று இருக்கும். நான் வைத்துக்கொள்வது இந்தப் பதிலை. காரணம் தெரியாத ஒன்றுக்காக ஒரு மனுஷி வாரம் தவறாமல் பரளச்சி பஸ் ஏறினார். பக்கத்து சீட்டில் நான் இருந்தேன்.